இரண்டாவது மீட்டர்



2024 செப்டம்பர் மாதம் எங்கள் திண்டிவனம் வீட்டுக்கு வந்த மின்கட்டணம் 3,258 ரூபாய். இரண்டு மாதங்களில் நாங்கள் செலவிட்டிருந்தது 640 யூனிட். விழுப்புரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது என் தொழில். நாள்தோறும் இரயிலில் சென்று பிறருடைய வரவு செலவைச் சரிபார்த்துத் திரும்பும் நான், என் வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த மீட்டரைப் பத்தாண்டுகளாக ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் ஏழு பேர். கீழே அம்மா, நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள். மாடியில் இரண்டு அறைகள். சவூதியில் வேலை செய்யும் என் தம்பியின் மனைவியும் மகனும் அங்கே உறங்குவார்கள். ஆனால் அடுப்பு ஒன்றுதான், உலை ஒன்றுதான், ஸஹரும் இஃப்தாரும் ஒரே விரிப்பில்தான்.

அந்த வாரம் ஒரு சுவிட்சைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் கட்டணத்தைக் கேட்டுச் சிரித்தார். "பாய், மாடிக்குத் தனியா ஒரு மீட்டர் போட்டுக்குங்க. உங்க மச்சான் வீட்டுல ரெண்டு இருக்குல்ல? பாதிக்குப் பாதி குறைஞ்சிடும். இந்தத் தெருவுலயே எத்தனை பேர் வெச்சிருக்காங்க" என்றார்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். அப்போது தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். இது 2016 முதல் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ரூபாய் விழும். 500-க்கு மேல் 8.40, 600-க்கு மேல் 9.45 என்று ஏறிக்கொண்டே போகும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுகிறவர், 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய் கட்ட வேண்டும். பத்து யூனிட்டின் விலை 319 ரூபாய்!

எங்கள் 640-ஐ இரண்டு மீட்டர்களில் 320, 320 என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 799 ரூபாய். ஆக மொத்தம் 1,598. வீட்டு இணைப்புகளுக்கு இப்போது நிலைக்கட்டணமும் கிடையாது. ஒரு விளக்கைக்கூட அணைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,660 ரூபாய் மிச்சம். விண்ணப்பம் எழுத முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் இஷாத் தொழுகைக்குப் பின், பேச்சோடு பேச்சாக எங்கள் ஹஜ்ரத்திடம் இதைச் சொன்னேன். மார்க்கத் தீர்ப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எல்லோரும் செய்வதுதானே என்றிருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விண்ணப்பத்தில் என்ன எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள்?"

நான் பேசவில்லை. தனியாகப் பிரிக்கப்பட்ட பகுதியில் தனிக் குடித்தனம் இருந்தால்தான் ஒரே கட்டடத்தில் இரண்டாவது இணைப்பு கேட்க முடியும். விழுப்புரத்தில் என் அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் தனியாகச் சமைத்துத் தனியாக வாழ்கிறது. மச்சான் வைத்திருக்கும் இரண்டாவது மீட்டரில் பொய் ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படியா? என் தம்பி மகன் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே வந்து என் தட்டில் கை வைத்துத்தான் முதல் வாய் உண்கிறான். அவனை 'வேறு குடும்பம்' என்று எழுதிக் கீழே என் பெயரை நான் இட வேண்டும்.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கை ஏற்றிக்கொண்டு தம் சொந்த விஷயத்தைப் பேசியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறேன்! கேட்கும்போதெல்லாம் அது ஆட்சியாளர்களுக்கான பாடம் என்றே எண்ணியிருந்தேன். அந்த இலவச 100 யூனிட் எங்கிருந்து வருகிறது? யாரும் வானத்திலிருந்து இறக்கித் தருவதில்லை. அரசு அதை மானியமாகப் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டுகிறது. அந்தப் பணத்தில் கூலித் தொழிலாளி வாங்கும் சோப்பின் வரியும் இருக்கிறது. ஒருமுறை எனக்கு உரியதைப் பெறுவது உரிமை. பொய் எழுதி இரண்டாம் முறை பெறுவது, பொது எண்ணெயில் என் சொந்த விளக்கை எரிப்பது. அந்த நிகழ்ச்சி என்னைப் பற்றியது என்பது அன்றிரவு பள்ளிவாசல் படியில் நின்றபோதுதான் விளங்கியது.

விண்ணப்பத்தை எழுதவில்லை. ஆனால் 3,258 ரூபாய் அப்படியே இருந்தது. பொய் சொல்லாமல் குறைக்க வேண்டுமென்றால் மின்சாரத்தைத்தான் குறைக்க வேண்டும். அதற்கும் கையில் பணம் இல்லை. புதிதாக எல்லாவற்றையும் வாங்கிப் போட இயலாது. எனவே ஒரு முடிவு செய்தேன். முதலில் காசே செலவாகாதவற்றைச் செய்வது. அதனால் கட்டணத்தில் எவ்வளவு குறைகிறதோ, அந்தத் தொகையை ஒரு பழைய பால்மாவு டப்பாவில் போடுவது. டப்பாவில் சேர்ந்ததைக் கொண்டே அடுத்த பொருளை வாங்குவது. 3,258 ரூபாய்தான் எங்கள் அளவுகோல். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு ரூபாயும் டப்பாவுக்கு உரியது.

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை நாம் அறிவோம். தொழுகைக்கும் ஓதலுக்கும் நாம் அதைப் பொருத்திப் பார்க்கிறோம். வீட்டு நிர்வாகத்துக்கும் அதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பதை அடுத்த ஓராண்டு எனக்குக் கற்றுத் தந்தது.

வெள்ளிக்கிழமைக் கணக்கு

முதல் வேலை மீட்டரைப் பார்ப்பது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும், நான் இரயிலுக்குக் கிளம்பும் முன், என் மகள் மீட்டரில் உள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுதுவாள். முந்தைய வாரத்து எண்ணைக் கழிப்பாள். இரண்டு மாதத்துக்கு 500 என்றால் வாரத்துக்குச் சுமார் 58. 400 என்றால் சுமார் 46. நம் செயல்களை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும் முஹாஸபா பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். அறுபது நாள் கழித்து வரும் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவதைவிட, ஏழு நாளுக்கு ஒருமுறை திருத்திக்கொள்வது எளிது.

அடுத்தது, எது எவ்வளவு இழுக்கிறது என்று அறிவது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு வரி போதும். நான் எழுதிப் பார்த்தபோது வியப்பே மிஞ்சியது. மிக்ஸியும் சலவை இயந்திரமும்தான் பெருந்தீனி தின்கின்றன என்று எண்ணியிருந்தேன். அவை சத்தம்தான் போடுகின்றன. ஓடுவதோ சில நிமிடங்கள். சத்தமில்லாமல் தலைக்கு மேல் சுழலும் ஐந்து பழைய மின்விசிறிகள்தாம் எங்கள் கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொன்றும் 75 வாட். நாளுக்குப் பதினான்கு மணி நேரம். ஐந்தும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 315 யூனிட்.

காசில்லாமல் குறைந்தவை

காசு செலவாகாத வேலைகளில் முதன்மையானது தண்ணீர். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார்தான் தண்ணீரை ஏற்றுகிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். எங்கள் மோட்டார் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியது. காரணம் தேடியபோது, மாடித் தொட்டி நிரம்பிய பிறகும் பத்து நிமிடம் வழிந்து ஓடுவதும், கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் ஒரு நூலளவு ஒழுகல் இரவும் பகலும் இருப்பதும் தெரிந்தன. ஒழுகலுக்கு ஒரு ரப்பர் வளையம். வழிதலுக்கு, மோட்டார் போட்டவர் அங்கேயே நிற்பது என்ற ஒழுங்கு.

பிறகு உளூ. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு; ஒரு லிட்டருக்கும் குறைவு. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நான் செய்யும் உளூவின் நீரை ஒருநாள் வாளியில் பிடித்துப் பார்த்தேன். அரை வாளி. ஒரு மனிதனின் ஐந்து வேளைக்கு இரண்டரை வாளி; அதுவும் வணக்கத்தின் பெயரால்! அன்றிலிருந்து உளூவுக்கு ஒரு குவளை வைத்தோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. யார் குவளையில் மீதம் வைப்பது என்று போட்டி. இரண்டு மாதத்துக்குள் மோட்டார் ஓடும் நேரம் பாதியாகியது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். தொலைக்காட்சியையும் செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டில் நிறுத்தாமல் சுவிட்சில் நிறுத்துவது. தினமும் இரண்டு சட்டை தேய்க்காமல் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தேய்ப்பது. ஏனெனில் இஸ்திரிப் பெட்டி சூடாவதற்கே மின்சாரம் போகிறது. சுவரோடு ஒட்டியிருந்த குளிர்சாதனப் பெட்டியை ஒரு சாண் முன்னே இழுத்து, பின்பக்கத் தூசியைத் துடைப்பது. அதன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன்; தடையே இல்லாமல் வந்துவிட்டது. குளிர் வெளியேறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ரப்பர் பட்டையைப் பின்னர் டப்பாப் பணத்தில் மாற்றினோம்.

நவம்பர் பில்லில் 540 யூனிட், 2,376 ரூபாய். டப்பாவில் முதன்முதலாக 882 ரூபாய் விழுந்தது. அதைக் கொண்டு நான்கு எல்.இ.டி. டியூப் வாங்கினேன். பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து ஏறத்தாழ 50 வாட் இழுக்கும்; இது 20 வாட். 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்துக்குப் பிறகு எல்.இ.டி. விளக்குகளின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. நாங்கள்தாம் இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறோம். நான்கு டியூப்களும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 43 யூனிட்டைக் குறைத்தன.

புயலின் மூன்று இரவுகள்

அந்த நவம்பரின் கடைசி நாளில் ஃபெஞ்சல் புயல் வந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். விழுப்புரமும் திண்டிவனமும் மரக்காணமும் வெள்ளத்தில் நின்றன. எங்களைவிடப் பன்மடங்கு இழந்தவர்கள் உண்டு. எங்கள் தெருவில் போனது மின்சாரம் மட்டுமே. மூன்று இரவுகள். கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறி நின்ற மின்வாரியத் தொழிலாளர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

முதல் இரவு அம்மா பரணிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் விளக்கை எடுக்கச் சொன்னார். தேங்காய் எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினார். ஏழு பேரும் அந்த ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். மாடியில் ஓர் அறை, கீழே ஓர் அறை, கூடத்தில் தொலைக்காட்சி என்று ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள், பல மாதங்களுக்குப் பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினோம். படுக்கும் நேரம் வந்ததும் அம்மா பானையை மூடினார், கதவைத் தாழிட்டார், "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி விளக்கை ஊதினார்.

"இருட்டா இருக்குமே நன்னி, எரியட்டுமே" என்றான் என் மகன்.

"எலி திரியை இழுத்துட்டுப் போயிடும்டா. வீடு எரிஞ்சிடும்" என்றார் அம்மா.

எனக்கு மெய் சிலிர்த்தது. இரவில் கதவுகளை மூடுங்கள், பாத்திரங்களை மூடி வையுங்கள், விளக்கை அணையுங்கள், ஒவ்வொன்றையும் அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் செய்யுங்கள், எலி திரியை இழுத்து வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள், புகாரியில் இடம்பெற்றுள்ளது. அம்மா புகாரியைப் படித்தவர் அல்லர். அவருக்கு அவர் தாயார் சொன்னது. அந்தத் தாயாருக்கு அவர் தாயார் சொன்னது. எங்கோ மதீனாவில் சொல்லப்பட்ட ஒரு வாக்கு, தென்னார்க்காட்டு மண்சுவர் வீடுகளில் பெண்களின் பழக்கமாகவே வாழ்ந்து வந்திருக்கிறது. சுவிட்ச் வந்த பிறகு, எலிக்குத் திரி கிடைக்காமல் போனதும், நாங்கள்தாம் அந்தச் சுன்னத்தைக் கைவிட்டுவிட்டோம். வீடு எரியவில்லை, ஆனால் இரவெல்லாம் கூடத்திலும் மாடிப்படியிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மின்சாரம் திரும்பிய பிறகும் அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டோம். கடைசியாகப் படுப்பவர் பிஸ்மில்லாஹ் சொல்லி விளக்குகளை அணைக்க வேண்டும்.

என் பிழை

ஜனவரியில் 410 யூனிட் வந்தது, 1,238 ரூபாய். குளிர்காலமும் புயலும் அதில் துணை நின்றன என்பதை மறைக்க மாட்டேன். டப்பாவில் மேலும் 2,020 ரூபாய் சேர, அத்துடன் மனைவி தன் சேமிப்பிலிருந்து 700 ரூபாய் கொடுக்க, பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள மின்விசிறி ஒன்றை வாங்கினோம். 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்தான் இழுக்கும். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சம்; மூன்று ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், கடையில் ஏமாறாமல் பார்த்து வாங்க முடிகிறது. அந்த விசிறியை என் அறையில் மாட்டினேன்.

எண்கள் குறையக் குறைய எனக்குள் வேறொன்று வளர்ந்ததை நான் கவனிக்கவில்லை. யாராவது ஓர் அறையை விட்டு வெளியே வந்தால் என் கண் முதலில் சுவிட்சைத்தான் பார்த்தது. "ஃபேன் யாருக்கு ஓடுது?" என்பது என் வாயில் ஓயாத வாக்கியமாயிற்று. பிள்ளைகள் நான் வரும் சத்தம் கேட்டதும் விளக்கை அணைக்கத் தொடங்கினார்கள்.

2025 மார்ச்; ரமளானின் கடைசிப் பத்து. ஒரு பின்னிரவில் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது அம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அம்மா முஸல்லாவில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி நின்றிருந்தது. ஒரு கையில் தஸ்பீஹ். மறு கையில் பனையோலை விசிறி. நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஃபேன் போடலையா?"

"மீட்டர் ஓடுமேப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைய ஸஹர் உணவு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எழுபது வயதுத் தாய், என் ஏச்சுக்கு அஞ்சி இருட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று கட்டளையிடும் இறைவசனத்தை (7:31) நான் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆனால் அர்ரஹ்மானின் அடியார்களுடைய பண்பைச் சொல்லுமிடத்தில், அவர்கள் விரயமும் செய்யமாட்டார்கள், கருமித்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்று அதே குர்ஆன் (25:67) கூறுவதை மறந்துபோனேன். விரயத்தை விட்டு ஓடியவன் நடுவில் நிற்காமல் மறுகரையில் போய் விழுந்திருந்தேன்.

அன்று விடிந்ததும் என் அறையிலிருந்த புது விசிறியைக் கழற்றி அம்மாவின் அறையில் மாட்டினேன். "இது ராத்திரி பகல் எல்லாம் ஓடினாலும் பழைய ஃபேன்ல பாதிகூட ஆகாதும்மா. நிறுத்தவே கூடாது" என்று சொன்னேன். வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒரு விதியை நோட்டின் முதல் பக்கத்தில் மகளை எழுதச் சொன்னேன்: ஆளில்லாத அறையில் ஓடுவது விரயம், ஆளிருக்கும் அறையில் ஓடுவது உரிமை.

மாடிக்குச் சுண்ணாம்பு

விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால் வீட்டைக் குளிர்விக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்த நிழல் இப்போது எங்கள் தெருவில் இல்லை. மரச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெத்தை வீடுகளும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. எஞ்சியிருப்பது கறுத்த கான்கிரீட் தளம்; பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கீழே உமிழ்கிறது.

விழுப்புரத்தில் மச்சான் தம் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தார். நண்பகலில் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு என்னை நிற்கச் சொன்னார், நிற்க முடிந்தது. எங்கள் வீட்டுத் தளத்தில் அந்த வேளையில் செருப்பின்றி ஓர் அடி வைக்க இயலாது. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது.

நோன்புப் பெருநாள் முடிந்த ஒரு ஞாயிறன்று தளத்தைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்போடு பசை கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பூச்சுப் பூசினோம். பிள்ளைகள், தம்பி மகன், நான். பொருட்செலவு எண்ணூறு ரூபாய்க்குள். அன்றிரவு மாடியறையில் தம்பி மனைவி, நெடுநாளுக்குப் பின் விசிறியை மூன்றாம் எண்ணில் வைத்துத் தூங்கியதாகச் சொன்னார். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய பெட்டி ரெகுலேட்டர் உள்ள வீடுகளில் வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அந்த அளவுக்குக் குறையாது; மிச்சம் பெட்டியிலேயே சூடாகி வீணாகும். மின்னணு ரெகுலேட்டருக்கு மாறினால்தான் குறைத்ததன் பலன் முழுமையாகக் கிட்டும்.

மே மாதம் இரண்டாவது விசிறியும் ஜூலையில் மூன்றாவதும் டப்பாவிலிருந்தே வந்தன. கத்திரி வெயில் காலத்துப் பில்கூட 490 யூனிட்டில் நின்றது. ஐந்நூறு என்ற அந்தக் கோட்டைத் தொடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஓராண்டுக்குப் பின்

2025 செப்டம்பரில் பில் வந்தது. சென்ற ஆண்டு இதே இரண்டு மாதங்களுக்கு 640 யூனிட். இவ்வாண்டு 390. கட்டணம் 1,128 ரூபாய்.

என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. பழைய தாளைத் தேடி எடுத்தேன். பொய்யெழுதி இரண்டாவது மீட்டர் வாங்கியிருந்தால் நான் கட்டியிருக்க வேண்டியது 1,598 ரூபாய். நேர்மையான வழி அதைவிட 470 ரூபாய் மலிவாக முடிந்திருக்கிறது. எப்போதும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. நேர்மைக்கு விலை கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. அப்போதும் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் இரண்டாவது மீட்டர் வந்திருந்தால், தண்ணீர் வழிந்துகொண்டே இருந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவு குளிரைக் கசிந்துகொண்டே இருந்திருக்கும். மாடி கொதித்துக்கொண்டே இருந்திருக்கும். அம்மாவின் வியர்வையையும் நான் பார்த்திருக்க மாட்டேன். விரயத்தை நிறுத்த வேண்டிய இடத்தில் அதை இரண்டு பங்காகப் பிரித்து மறைத்திருப்பேன்.

இனி என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சூரிய மின்சாரம் போட ஆசை உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. எஞ்சிய தொகை இன்று என் கைக்கு எட்டாது. வட்டிக்கு வாங்கிப் போடவும் விருப்பமில்லை. ஆனால் வெயிலுக்கு நம் மாவட்டத்தில் என்றைக்குமே குறைவில்லை. மரக்காணத்து உப்பளங்களில் அது உப்பு விளைவிக்கிறது; ஆரோவில்லின் சமையற்கூடத்து மாடியில் பதினைந்து மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று அதைத் திரட்டி உலைக்கு நீராவி தருவதற்கென்றே அமைக்கப்பட்டது. தேவையைக் குறைத்துக்கொண்ட வீட்டுக்குச் சிறிய தகடே போதும். டப்பா நிறையட்டும், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்.

ஏசி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் குறையும், 24-இல் வைத்து ஒரு விசிறியையும் மெதுவாக ஓட விடுங்கள். வாடகை வீட்டில் இருப்போர் மாடியைத் தொட முடியாது போகலாம். விளக்கையும் விசிறியையும் வாங்கினால் வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்லலாம். எதுவும் வாங்க இயலாதோர் வெள்ளிதோறும் மீட்டரை எழுதுங்கள்; அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். எங்கள் பள்ளிவாசலிலும் இஷாவுக்குப் பின் உளூச் செய்யும் இடத்தின் குழாய்களையும் வெளி விளக்குகளையும் மோதினாரோடு சேர்ந்து ஒருவர் பார்த்துவிட்டுச் செல்வது என்று முறை வைத்திருக்கிறோம்.

தம்பி அடுத்த ஆண்டு ஊர் திரும்புகிறான். மாடியில் தனியாக அடுப்பு வைத்துக் குடித்தனம் போனால் அவன் பெயரில் மீட்டர் கேட்கலாம். அப்போது எழுதுவதில் பொய் இருக்காது. அதுவரை ஒரே மீட்டர்தான், ஒரே உலைதான்.

நேற்றிரவும் கடைசியாகப் படுத்தவர் அம்மாதான். கதவைத் தாழிட்டு, தண்ணீர்க் குடத்தை மூடி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கூடத்து விளக்கை அணைத்தார். அவர் அறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

யா அல்லாஹ்! நீ அருளியவற்றை வீணாக்காமலும், உன் அடியார்களுக்கு உரியதைப் பறிக்காமலும், எங்களை நம்பி இருப்போரை வாட்டாமலும் வாழும் நடுநிலையை எங்களுக்குத் தந்தருள்வாயாக. எங்கள் பெற்றோர் எங்களுக்குக் கற்றுத் தந்த நன்மைகளை எங்கள் பிள்ளைகளிடமும் நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.